குலுக்கக் கூடாத போத்தல்

தாவரக் கலத்துக்குள் இருக்கும் இழைமணியை, அதாவது மைற்றோகொண்ட்ரியனை, பாடப்புத்தகங்கள் சக்திநிலையம் என்று சொல்லும். எனக்கு அந்தச் சொல்லைக் கண்ணில் காட்டக்கூடாது. திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்த காலம் முழுக்க அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டைதான். பிள்ளைகள் பரீட்சையில் அதை எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடுவார்கள். இழைமணி செய்கிற வேலையில் பாதியை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

மற்றப் பாதி இதுதான். கலம் தன் உணவை உடைக்கும்போது இலத்திரன்கள் கழன்று வருகின்றன. கழன்றவற்றை யாராவது உடனுக்குடன் வாங்கிக்கொள்ள வேண்டும். இழைமணி அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் ஒட்சிசனிடம் ஒப்படைக்கிறது. இலத்திரனைக் கொடுப்பது ஒட்சியேற்றம், வாங்குவது தாழ்த்தல். கொடுக்கல் வாங்கல் இரண்டும் ஈடாக ஓடினால்தான் கலம் உயிரோடு இருக்கும். ஒட்சிசன் வராவிட்டால் வாங்க ஆளில்லாமல் எல்லாம் தேங்கிப்போகும்.

எங்கள் வீட்டில் இதை ஒரே தரத்தில் விளங்கிக்கொண்டவர் என் கணவர். அவர் துறைமுக வேலைத்தலத்தில் இயந்திரம் திருத்துகிறவர். நான் சாப்பாட்டு மேசையில் படம் கீறிக் காட்டியபோது சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"லொறி வராட்டில் ஜெற்றியில சாமான் குவியும். குவிஞ்சால் கப்பலில இருந்து ஒண்டும் இறக்கேலாது. இதுக்கேன் நீர் இவ்வளவு படம் கீறுறீர்?"

எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. மறுநாள் வகுப்பில் அந்த லொறியையே நானும் ஓட்டினேன்.

எங்கள் முன்னறையில் தோப்பூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், இருந்தார். கணவரோடு அதே வேலைத்தலத்தில் ஒட்டுவேலை செய்கிறவர். கிழமை நாட்களில் எங்கள் வீட்டில் தங்குவார். சனிக்கிழமை குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சைப் பிடித்து ஊருக்குப் போய், திங்கள் விடிய முதல் லோஞ்சில் திரும்பி வருவார். என்னைத் தங்கச்சி என்பார், கணவரை மச்சான் என்பார். இரண்டு பேரும் சேர்ந்தால் வீட்டில் எனக்கு ஒரு சொல் பேச இடம் கிடைக்காது. அவருக்குத் தோப்பூரில் வயல் இருந்தது. சம்பளத்தைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. வயலைப் பற்றித்தான் எந்த நேரமும் கதை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எங்களுக்கு அலுத்துவிட்டது. ஒரு சுண்டு அரிசியை ஊரிலிருந்து கொண்டுவருவதற்கே வழியில் சோதனை. அப்படியொரு வருடத்தில் விதைநெல் என்பது வீட்டிலுள்ள எல்லாவற்றையும்விடப் பெரிய பொருள்.

அந்த வருடம் மாரி விதைப்புக்காக நானா தன் விதைநெல் முழுவதையும் சாக்குகளில் கட்டி, வயலோரத்து வாய்க்காலில் ஊறப்போட்டார். ஒரு நாள் ஊறவிட்டுக் கரையேற்றி, வைக்கோலால் மூடி முளைகட்டுவதுதான் வழக்கம். ஊறப்போட்ட அன்றிரவே மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிள்ளை, மருத்துவிச்சி கைவிட்டுவிட்டாள். விடிய முதல் லோஞ்சில் அவளை ஏற்றித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அதற்குள் வாடைக் கடல் கிளம்பி லோஞ்ச் ஓட்டம் நின்றுபோயிற்று. ஆற்றுத்துறைகளிலும் வெள்ளம், றோட்டாலும் போக ஏலாது. நெல் வாய்க்காலுக்குள் கிடந்தது. நானா எங்கள் விறாந்தையில் நின்று கடலைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார்.

கடல் கொஞ்சம் அடங்கி லோஞ்ச் ஓடத் தொடங்கியதும் தனியே ஊருக்கு ஓடினார். அன்றே பின்னேர லோஞ்சில் திரும்பி வந்தார். கைலேஞ்சியில் ஒரு பிடி நெல் கட்டியிருந்தார். முடிச்சை அவிழ்த்ததும் என் கணவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன மச்சான், தவறணைக்குப் போயிட்டு வாறியா?"

"பகிடி விடாத மச்சான். லோஞ்சில எனக்குப் பக்கத்தில இருந்த ஹாஜியார் எழும்பிப் போயிட்டார். அஞ்சு நேரம் தொழுறவன் நான். எனக்கு மேல கள்ளு மணக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் நெல்லை என் கையில் கொட்டினார்.

"தங்கச்சி, இதில உயிர் இரிக்கா இல்லையா? உங்கட படிப்பில அதைச் சொல்ல ஏலுமா?"

விஷயம் அவசரமானது. வயல் பலகையடித்துத் தயாராகக் கிடந்தது, இன்னொரு பெருமழை வந்தால் அதில் விதைக்க முடியாது. வேறு விதைநெல்லும் கிடையாது. ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சொந்தக்காரரும் எல்லாவற்றையும் விதைத்து முடித்திருந்தார்கள். நெல் செத்திருந்தால் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஊறிய நெல்லை உடனே அவித்துக் காயவைத்து அரிசியாக்கிக்கொள்வது. அதற்கும் பிந்தினால் அழுகிச் சோற்றுக்கும் உதவாது. விதைப்பதா, அவிப்பதா? முளைக்கிறதா என்று நாட்கணக்கில் பார்த்திருக்க நேரமில்லை. செத்த நெல்லை விதைத்தால் அரிசியும் போயிற்று, போகமும் போயிற்று.

கள்ளு மணம் எனக்கு நம்பிக்கை தந்தது. இதை நான் சொன்னதும் நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நீருக்குள் ஒட்சிசன் கிடைக்காமல் இழைமணிகள் வேலையை நிறுத்தும்போது, நெல்லின் கலம் தேங்கிய இலத்திரன்களை இறக்க வேறு வழி தேடும். அந்த வழியில் பிறப்பதுதான் மதுசாரம். அதாவது நெல் மூச்சுமுட்டியபோது சும்மா கிடக்கவில்லை, சமாளித்துப் பார்த்திருக்கிறது. நெல்லைப்போல் இதில் கெட்டித்தனமான தானியம் வேறில்லை. ஆனால் சமாளித்துக்கொண்டே செத்தும் போயிருக்கலாம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க வழி இருந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் மெதிலீன் நீலம் ஒரு குப்பியின் அடியில் மிஞ்சியிருந்தது. அந்தச் சாயத்தின் குணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. உயிருள்ள கலம் அதற்கு இலத்திரன் கொடுத்தால் அதன் நீலம் போய் வெறும் தண்ணீராகத் தெரியும். காற்றுப் பட்டால் ஒட்சிசன் அந்த இலத்திரனைப் பிடுங்கிக்கொள்ள, நீலம் திரும்பி வந்துவிடும். மறுநாள் விடியவே போய்க் குப்பியை எடுத்து வந்தேன். நெல்லின் உமியை நகத்தால் உரித்து, புளித்த நீரின் கிருமிகள் ஏமாற்றிவிடக்கூடாதென்று ஆறவைத்த கொதிநீரில் மாறி மாறிக் கழுவினேன். கொஞ்ச நெல்லை அவித்தும் எடுத்துக்கொண்டேன்.

சோதனைக் குழாய்களைப் பாடசாலைக்கு வெளியே கொண்டுபோக அதிபர் விடமாட்டார். வீட்டில் இருந்தவை ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல்கள் இரண்டு. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு நாங்களே போத்தல் கொண்டுபோக வேண்டும். கலவை மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் வெட்டிய கடதாசித் துண்டொன்றைப் பக்கத்தில் ஒட்டித் தருவார்கள். ஒன்றில் பச்சை நெல், மற்றதில் அவித்த நெல், இரண்டிலும் நீலத் தண்ணீர். காற்றுப் புகாமல் மேலே நல்லெண்ணெய் ஊற்றி, தக்கையால் அடைத்து, வெயில் விழும் யன்னலோரம் வைத்தேன். அவித்த நெல் செத்த நெல், ஆகவே அது நீலமாகவே நிற்கும். மற்றது வெளுத்தால் உயிர் இருக்கிறது, வெளுக்காவிட்டால் இல்லை. நானாவுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிள்ளையோடு எங்கள் அறையில் படுத்திருந்த அவர் மனைவிக்கும் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு முதற்பாடத்துக்கு ஓடினேன். நானா மத்தியானம் பார்த்துவிட்டு லோஞ்சுக்குப் போவதாக ஏற்பாடு.

பாடசாலை விட்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றாமலே யன்னலுக்குப் போனேன். பச்சை நெல் போத்தல் வெளுத்திருந்தது. எண்ணெய்க்குக் கீழே மயிரிழை அளவில் ஒரு நீல வளையம், அதன் கீழே இளநீர் போல் தெளிவு. அவித்த நெல் போத்தல் காலையில் இருந்த அதே நீலம். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

"மச்சாள், நானா பாத்திட்டுப் போனவரே? என்ன சொன்னவர்?"

அறைக்குள்ளிருந்து அழுகைதான் வந்தது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி வெளியே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னத்தைச் சொல்ற மதினி. ரெண்டும் நீலம்தான். அவிக்கப் போறன் எண்டு சொல்லிட்டு லோஞ்சுக்குப் போயிட்டார்."

"என்ன விசர்க்கதை? இஞ்ச வந்து பாருங்கோ, வெள்ளையாக் கிடக்கு!"

அவள் வந்தாள். என் கையிலிருந்து போத்தலை வாங்கினாள். வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொன்னாள். பிறகு, நம் நாட்டில் மருந்துப் போத்தலைக் கையில் எடுக்கிற எவரும் செய்வதைச் செய்தாள். நன்றாகக் குலுக்கினாள். போத்தல் முழுவதும் நீலமாயிற்று.

"பாருங்க. நீலம்தானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கலவை மருந்து அடியில் மண்டிவிடும், குலுக்கித்தான் குடிக்க வேண்டும் என்று பிறந்த நாளிலிருந்து எங்களுக்குப் பழக்கம். நானாவும் எடுத்தார், குலுக்கினார், பார்த்தார். மனம் கேட்காமல் இன்னும் ஒருமுறை குலுக்கிப் பார்த்திருக்கிறார். அவர் ஆசையோடு குலுக்கிய ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போய் நீலத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. நெல்லோ மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி அதை வெளுக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நெல்லின்மேல் எனக்கு வந்த அன்பை என்னால் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும் அதை அவிப்பதற்கு அங்கே அடுப்பு மூட்டப் போகிறார்கள்.

கடைசி லோஞ்ச் போய்விட்டது. தொலைபேசி என்றால் தோப்பூரில் யாருக்கு எடுப்பது? நான் துறைமுக வாசலுக்கு ஓடிப்போய்க் கணவரைக் கூப்பிடுவித்தேன். எண்ணெய்க் கையோடு வந்தார். கதையைக் கேட்டார். உள்ளே போய் லீவு சொல்லிவிட்டு வந்து, சந்தையில் மீன் இறக்கிவிட்டு மூதூருக்குத் திரும்ப நின்ற இயந்திர வள்ளமொன்றைப் பிடித்தார்.

"நீங்கள் நில்லுங்கோ, நான் போட்டு வாறன்" என்றேன். காரணம் இருந்தது. கப்பல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிற இந்த மனிதருக்குக் கடல் ஒத்துவராது. கட்டிநிற்கும் கப்பலுக்குள்ளேயே தலை சுற்றும்.

"உம்மைத் தனிய விட்டிட்டு நான் இஞ்ச நிண்டு என்ன செய்ய?" என்றார். ஏறிக் குந்திக்கொண்டார்.

கொட்டியாரக் குடாவைத் தாண்டும்வரை அவர் பாடு சொல்லக்கூடியதல்ல. அலை ஒவ்வொன்றுக்கும் வள்ளத்து விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டார். நான் முதுகைத் தடவிவிட்டேன். ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"கதையாதையும்" என்றார். "நெல்லைப் பற்றி மட்டும் இப்ப ஒண்டும் சொல்லாதையும்."

இவரைக் கட்டியதற்கு அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

மூதூர்த் துறையில் இறங்கினோம். பேருந்து இல்லை. தோப்பூருக்குப் போக நின்ற உழவியந்திரப் பெட்டியில் ஏறினோம். சேலை முழுக்க உப்புத் தண்ணீர், மேலே மீன் மணம். வகுப்பில் என்னைக் கண்டு நடுங்கும் பிள்ளைகள் பார்த்திருந்தால் வருடம் முழுக்கச் சிரித்திருப்பார்கள். நான் வழி நெடுக எந்த முற்றத்திலிருந்து புகை எழுகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

நானா வீட்டு முற்றத்தில் புகை எழுந்தது. கல் வைத்த அடுப்பில் கிடாரம் ஏறியிருந்தது. பக்கத்துப் பாயில் ஒரு பானை நெல் அவித்துக் கொட்டி ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருடைய அக்கா, அவர்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நானா அடுத்த சாக்கின் வாயை அவிழ்த்துக் கிடாரத்துக்குள் கொட்டிக்கொண்டு நின்றார். படலையைத் தள்ளிக்கொண்டு நாங்கள் நனைந்த கோலத்தில் நுழைந்ததும் சாக்கு அவர் கையிலிருந்து விழுந்தது. முகம் வெளிறிவிட்டது.

"புள்ளைக்கு என்ன?" என்றார். "மச்சான், சொல்லுடா. என்ட புள்ளைக்கு என்ன?"

நாங்கள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. கணவர் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைக்கு ஒண்டுமில்லை நானா" என்று நான் கத்தினேன். "தாயும் புள்ளையும் நல்லாயிருக்கினம். நெல்லுக்கு உயிர் இருக்கு. போத்தலைக் குலுக்கினபடியாத்தான் நீலம் வந்தது. அடுப்பை நூருங்கோ!"

நானா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். ராத்தா எரிகிற கொள்ளிகளை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டார். நான் கிடாரத்துக்குள் கை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. ராத்தாவும் கணவரும் நானுமாகச் சேர்ந்து கிடாரத்தைக் கவிழ்த்து நெல்லை வெளியே எடுத்தோம்.

நானா எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, எல்லா நெல்லும் முளைக்குமா? நிச்சயமாச் சொல்ல ஏலுமா?"

"ஏலாது நானா" என்றேன். "நீங்கள் கொண்டுவந்த பிடி நெல் உயிரோட இருந்தது. மிச்சத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது? எனக்குத் தெரியாது."

ஆம் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசை. அவித்தால் ஒரு குடும்பத்துக்குச் சில மாத அரிசி நிச்சயம். என் பேச்சைக் கேட்டு விதைத்து அது சேற்றில் அழுகினால் அந்த அரிசியும் இல்லை. இலத்திரன் கதையை எத்தனை வருடம் படிப்பித்தேன், யாருடைய சோறும் அதில் தொங்கியதில்லை.

நானா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா பாயில் ஆவி பறக்கிற நெல்லைக் காட்டினார்.

"அவிச்சது அவிச்சதாப் போகட்டும்டா. அதை நாம தின்னுவம். மத்ததை விதை."

அதோடு விவாதம் முடிந்தது. மிச்ச நெல்லை நல்ல தண்ணீரில் அலசி, பாய்களில் மெல்லிசாகப் பரப்பி நிழலில் விட்டோம். வழமைபோல் குவித்து மூட வேண்டாமென்று நான் பிடிவாதமாக நின்றேன். நெடுநேரம் ஒட்சிசன் இல்லாமல் கிடந்த இழைமணிக்கு அது திடீரென்று வந்து குவிந்தாலும் ஆபத்து. தேங்கியிருந்த இலத்திரன் கண்டபடி அதில் பாய்ந்து கலத்தையே எரிக்கப் பார்க்கும். சூடேறாமல் ஆறுதலாகத் தேறவிட வேண்டும். இதையெல்லாம் விளக்க நான் வாயைத் திறந்ததும் கணவர் சொன்னார்:

"மச்சான், சுருக்கமாச் சொல்லுறன். பட்டினி கிடந்தவனுக்கு முதல் கஞ்சி குடு, புரியாணி குடாத."

மறுநாள் நாங்கள் லோஞ்சில் திரும்பினோம். நானா விதைத்ததாக லோஞ்ச்காரன் வந்து சொன்னான். அதற்குப் பிறகு செய்தி இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். நானா மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி யன்னலால் பார்த்துக்கொண்டே இருப்பாள். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒருநாள் காலை, நான் பாடசாலைக்குச் சேலை உடுத்திக்கொண்டு நின்றபோது படலை திறந்த சத்தம் கேட்டது. நானா வந்தார். சாரம் முழங்கால்வரை சேறு. விறாந்தையில் நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார், நேரே மனைவியிருந்த அறைக்குள் போனார். உள்ளே அவள் விம்மி அழுகிற சத்தம் கேட்டது. என் கணவர் கதிரையில் இருந்துவிட்டார். முடிந்தது என்று நான் நினைத்தேன். இந்த முகத்தை இனி இவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று நினைத்தேன்.

அவள் வெளியே வந்தாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் நானா வந்தார்.

"கிழக்குப் பக்கம் கொஞ்சம் ஐதாத்தான் இரிக்கு" என்றார். "ஆனா வந்திட்டுது தங்கச்சி. வயல் முழுக்கப் பச்சை."

அவர்களுடைய பிள்ளை என் கழுத்தடியில் சுடச்சுட மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பாடசாலைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் உடுத்த சேலையோடு விறாந்தை நிலத்தில் இருந்து, அந்தப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதேன்.